ஓடும் படத்தைப் பிடிக்கும் கருவி

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் வீடியோ கேம் பெட்டி உள்ள வீடுகள் இன்று பல. அவற்றில் ஆடும் இளைஞர்களுக்கு ஓர் ஆசை உண்டு. தாம் ஆடிய ஆட்டத்தை அப்படியே கணிப்பொறியில் பதிவு செய்து, மறுநாள் நண்பர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பதே அது. இதற்கென்று 'கேப்சர் கார்டு' எனப்படும் பதிவுக் கருவி கடைகளில் கிடைக்கிறது. தீப்பெட்டி அளவுள்ள ஒன்று சில நூறு ரூபாய். சற்றுப் பெரிய இன்னொன்று பல ஆயிரம் ரூபாய். இரண்டின் அட்டையிலும் பெரிய பெரிய எண்கள் அச்சாகியிருக்கின்றன. எதை வாங்குவது?

இது நேற்று முளைத்த கேள்வி அன்று. ஓடும் படத்தைப் பிடித்து வைக்க முனைந்த எல்லோருமே இந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் எங்கே வென்றார்கள், எங்கே இழந்தார்கள் என்பதைப் பார்த்தால் நமக்கு வேண்டிய விடை கிடைத்துவிடும்.

நொய்யல் ஆற்றை நினைத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் பெய்த மழை ஆறாக வருகிறது. அணைக்கட்டில் திரும்பி வாய்க்காலில் ஓடுகிறது. உக்கடம் பெரிய குளத்திலோ குறிச்சிக் குளத்திலோ போய்த் தங்குகிறது. ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் வாய்க்கால் கொள்ளும் அளவுதான் குளத்தைச் சேரும். குளம் சிறியதாக இருந்தால் வந்த நீரும் நிற்காது. படப் பதிவிலும் இப்படி மூன்று உண்டு: படம் புறப்படும் மூலம், அது செல்லும் வழி, அது தங்கும் இடம்.

லண்டனில் ஒரு கோவைக்காரர்

1936 ஜனவரியில் லண்டன் நகரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் நடந்தது. அதைத் தம் கையாலேயே சினிமாப் படம் பிடித்தவர்களுள் ஒருவர், கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு. இயந்திரங்களில் அவருக்கு இருந்த ஈடுபாட்டைக் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. ஊர்வலம் ஒரே ஒரு முறைதான் போகும். கேமரா தவறினால் மறுபடி நடத்திக் காட்டச் சொல்ல முடியாது.

தனி மனிதர்களும் படம் பிடிப்பதற்கென்று 16 மில்லிமீட்டர் படச்சுருள் 1923இல் வந்திருந்தது. அதில் ஓர் அடிக்கு 40 படங்கள். 100 அடிச் சுருளில் 4,000 படங்கள். வினாடிக்கு 16 படம் வீதம் ஓட்டினால் நான்கு நிமிடம் பத்து வினாடியில் சுருள் தீர்ந்துவிடும். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்காதவருக்கு முக்கியமான காட்சி வரும்போது சுருள் இராது.

கோவையின் சினிமா ஸ்டூடியோக்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. பேசும் படத்தில் வினாடிக்கு 24 படம் ஓட வேண்டும். 35 மில்லிமீட்டர் சுருளில் இது நிமிடத்துக்கு 90 அடி. இரண்டாம் உலகப் போரின்போது படச்சுருளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு கதைப்படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு வரம்பு கட்டியது. வகுத்துப் பார்த்தால் இரண்டு மணி நேரம் சொச்சம். மூன்று மணி நேரத்துக்கு மேல் படம் பார்த்துப் பழகிய ரசிகர்களுக்கு அது குறைவுதான். கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான 'ஹரிதாஸ்' 1944இல் வெளிவந்தது, இந்த வரம்பு இருந்த காலத்தில்தான். இங்கே கட்டுப்படுத்தியது குளத்தின் கொள்ளளவு.

திரையையே படம் பிடித்தல்

சினிமாக் கேமரா உலகத்தைப் பார்த்துப் படம் பிடிக்கிறது. நம் இளைஞர் விரும்புவதோ வேறு. ஏற்கெனவே திரையில் தோன்றும் மின்சாரப் படத்தை அவர் பிடிக்க வேண்டும். இந்தத் தேவை தொலைக்காட்சியோடு பிறந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகள் முதலில் நேரடியாகவே ஒளிபரப்பாயின. அவற்றைச் சேமிக்க, டி.வி. திரைக்கு எதிரே சினிமாக் கேமராவை நிறுத்தினார்கள். இதற்கென்றே ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1947இல் ஒரு தனிக் கேமராவை வெளியிட்டது. ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருந்தது. அந்நாட்டு டி.வி. வினாடிக்கு 60 அரைப்படங்களைக் காட்டும். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த தடவை. சினிமாக் கேமராவோ 24 முழுப்படங்களை எடுக்கும். எனவே 48 அரைப்படங்கள்தாம் சுருளில் ஏறின. மீதி 12 கழிந்தன.

1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் இதற்கு ஒரு மாற்றைக் காட்டியது. சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் இயங்கிய குழு, படத்தின் மின்குறியை இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் நேரே பதியச் செய்தது. நாடா மெதுவாக நகர, பதியும் தலைகள் நான்கும் வேகமாகச் சுழன்று குறுக்கே எழுதின. இங்கே திரையும் இல்லை, லென்சும் இல்லை. மின்குறியை மின்குறியாகவே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற இந்தக் கருத்துதான் இன்றைய கேப்சர் கார்டுக்கும் அடிப்படை.

நிலவிலிருந்து வந்த படம்

மூலமும் கருவியும் பொருந்தாவிட்டால் என்ன இழப்பு நேரும் என்பதற்கு 1969 ஜூலையில் ஒரு பெரிய உதாரணம் கிடைத்தது. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்த காட்சியை அனுப்பிய கேமரா வினாடிக்கு 10 படங்களையே எடுத்தது. படத்துக்கு 320 கோடுகள். நிலவிலிருந்து பூமிக்கு இருந்த ரேடியோ வழி குறுகியது. அதற்கு ஏற்பவே படத்தையும் சுருக்கியிருந்தார்கள். ஆனால் வீட்டு டி.வி.க்கு வேண்டியது 525 கோடுகளும் வினாடிக்கு 30 படங்களும். ஆகவே பூமியில் இருந்த நிலையத்தில், வந்த படத்தை ஒரு திரையில் காட்டி, அந்தத் திரைக்கு முன் இன்னொரு டி.வி. கேமராவை வைத்து மாற்றினார்கள். உலகம் பார்த்தது அந்த மங்கிய நகலைத்தான். நிலவிலிருந்து வந்த மூலக் குறி தனி நாடாக்களில் பதிவாகியிருந்தது. பின்னாளில் அந்த நாடாக்களைத் தேடிய நாசா, அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் அறிவித்தது.

டி.வி. கேமின் குறும்பு

வீட்டு டி.வி.யில் இணைத்து ஆடும் முதல் வீடியோ கேம் பெட்டி, ரால்ஃப் பேயர் உருவாக்கிய கருவியின் அடிப்படையில் 1972இல் 'ஒடிசி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானின் நின்டெண்டோ 1983இல் 'ஃபேமிகாம்' பெட்டியை வெளியிட்டது. அதன் நகல்கள்தாம் 1990களில் நம் ஊர்களில் 'டி.வி. கேம்' என்ற பெயரில் விற்றவை.

பழைய பெட்டியில் ஆடியதை இன்று கணிப்பொறியில் பதிய முயல்பவர் ஒரு விந்தையைக் காண்பார். அடிபட்ட வீரன் திரையில் மினுமினுக்க வேண்டும். பதிவிலோ அவன் மறைந்தே போகிறான்! சில சமயம் படத்தின் ஓரங்கள் சீப்புப் பற்கள்போல் பிளந்து தெரிகின்றன.

காரணம் இதுதான். நம் நாட்டுப் பழைய டி.வி. முறையில் ஒரு முழுப்படத்துக்கு 625 கோடுகள். அது இரண்டு அரைப்படங்களாக வரும். வினாடிக்கு 50 அரைப்படங்கள். கேம் பெட்டி ஒரு தந்திரம் செய்கிறது. இரண்டு அரைகளையும் பின்னிக் கோக்காமல், ஒவ்வொரு தடவையும் அதே கோடுகளின் மேலேயே 312 கோடுகள் கொண்ட புதிய முழுப்படத்தை எழுதுகிறது. பழைய டி.வி. அதை மறுக்காமல் காட்டிவிடும். பதிவுக் கருவியோ இரண்டும் ஒரே படத்தின் பாதிகள் என்று நம்பிப் பின்னிவிடுகிறது; சீப்புப் பற்கள் தெரிவது இதனால்தான். சில கருவிகள் இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடுகின்றன. மினுமினுக்கும் வீரன் ஒரு படத்தில் இருப்பான், அடுத்ததில் இரான். அவன் இருக்கும் படங்களே தள்ளப்பட்டால் பதிவில் அவன் எப்படித் தெரிவான்? கருவியில் பழுது இல்லை. அது டி.வி. நிகழ்ச்சிக்காகச் செய்யப்பட்டது, ஆட்டத்துக்காக அன்று.

எண்களாக மாறிய படம்

2002இல் எச்.டி.எம்.ஐ. இணைப்பு முறை அறிவிக்கப்பட்டது. அதன் பின் வந்த கேம் பெட்டிகள் படத்தை எண்களாகவே அனுப்பத் தொடங்கின. கோடுகளைப் பின்னும் தொல்லை பெரும்பாலும் போயிற்று. வெள்ளத்தின் அளவோ பெருகியது.

சிறு கணக்கொன்று போடுவோம். படத்தின் அகலத்தில் 1,920 புள்ளிகள், உயரத்தில் 1,080. புள்ளிக்கு 24 பிட். வினாடிக்கு 60 படம். பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 299 கோடி பிட் வருகிறது. சாதாரண யு.எஸ்.பி. 2.0 வழியின் உச்ச அளவு 48 கோடிதான். வெள்ளம் வாய்க்காலைப்போல் ஆறு மடங்கு! யு.எஸ்.பி. 3.0 வழி 500 கோடி வரை அனுமதிக்கும். '4கே' எனப்படும் படத்துக்கோ சுமார் 1,194 கோடி வேண்டும். அதற்கு இந்த வழியும் போதாது.

அப்படியானால் மலிவான சிறு பெட்டி எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு படத்தையும் நசுக்கிச் சிறிதாக்கி அனுப்புகிறது. பல பெட்டிகள் 60 படத்தில் பாதியைக் கைவிட்டு 30 மட்டுமே அனுப்புகின்றன. அட்டையில் '4கே' என்றிருப்பது, அத்தகைய படத்தை வாங்கிக்கொள்ளும் என்பதை மட்டுமே பல நேரம் குறிக்கும். பதிவாவது 1,080 கோடுகளாகத்தான் இருக்கும்.

தங்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். நசுக்காத படம் ஒரு மணி நேரத்துக்கு 1,343 கிகாபைட் இடம் கேட்கும். 2003இல் வந்த எச்.264 முறையில் வினாடிக்கு 2 கோடி பிட்டாகச் சுருக்கினால் 9 கிகாபைட் போதும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

காந்திபுரத்துக் கடையில் பணத்தை எண்ணுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, என் கேம் பெட்டி எத்தகைய படத்தை அனுப்புகிறது? பழைய பெட்டியானால் அந்த 312 கோட்டுத் தந்திரத்தை அறிந்த கருவி வேண்டும். புதியதானால் எச்.டி.எம்.ஐ. போதும். ஆனால் அதில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு ஒன்று உண்டு. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 பெட்டியில், ஆட்டங்களுக்கு மட்டும் அந்தப் பூட்டைத் திறக்க 2014இல்தான் வழி செய்தார்கள்.

இரண்டாவது, நான் ஆடும்போது எந்தத் திரையைப் பார்ப்பேன்? கணிப்பொறிக்குப் படம் சற்றுத் தாமதித்தே வந்து சேரும். அதைப் பார்த்து ஆடினால் அடி பிந்தும். உள்ளே வந்த படத்தைத் தாமதமின்றி டி.வி.க்கும் திருப்பிவிடும் இரண்டாவது துளை உள்ள கருவியே நல்லது.

மூன்றாவது, என் கணிப்பொறியின் யு.எஸ்.பி. எத்தகையது, வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது? குறுகிய வழியில் விலையுயர்ந்த கருவியை மாட்டுவது வீண் செலவு. சில நிமிட ஆட்டம் மட்டும் போதும் என்றால் பிளேஸ்டேஷன் 4 போன்ற பெட்டிகளுக்குள்ளேயே பதியும் வசதி இருக்கிறது. கருவியே வாங்க வேண்டியதில்லை.

விளையாட்டுக்கு இவ்வளவு கவலையா என்று பெரியவர்கள் கேட்கலாம். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அன்று அதையும் பலர் பொழுதுபோக்கு என்றே எண்ணியிருப்பார்கள். அதன் பிரதி இன்று நம்மிடம் இல்லை. ஒரு வீடியோ கேமை மறுபடியும் விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆடி வென்ற ஆட்டம், லண்டன் ஊர்வலத்தைப் போல ஒரு முறைதான் நடக்கும். அதைப் பிடிக்கும் கருவி அதற்குப் பொருத்தமானதாக இருக்கட்டும்.