முதுமையும் திசையறிவும்

முதுமையும் திசையறிவும்: தான் நிற்கும் இடத்தையும் சேரவேண்டிய இடத்தையும் மனத்தில் இணைத்து வழி காணும் ஆற்றலில் வயது முதிர்வால் நேரும் மாறுதல்களும், அவற்றுக்குக் காரணமான மூளை விகாரங்களும்.

வகைகள்: வழியறியும் திறம் இருவகைப்படும். இடங்களின் பரஸ்பர சம்பந்தத்தைப் படமாக மனத்தில் கொண்டு, எத்திக்கிலிருந்து வரினும் திசை காண்பது முதல்வகை. இது ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியைச் சார்ந்தது. பழகிய திருப்பங்களின் வரிசையைப் பற்றிச் செல்வது இரண்டாம் வகை. இது மூளையின் காடேட் உட்கருவின் தொழில்.

ஆராய்ச்சி வரலாறு: எலிகளும் மனப்படம் வரைகின்றன என்று 1948-இல் எட்வர்ட் டோல்மன் எழுதியபோது, வெறும் பழக்கமே நடத்தைக்கு மூலம் என்று வாதித்த அக்கால உளவியலார் பலர் அதனை ஏற்கவில்லை. எனினும், குறிப்பிட்ட இடத்தில் எலி நிற்கும்போது மட்டும் விழித்தெழும் 'இட உயிரணுக்களை' 1971-இல் ஜான் ஓ'கீஃபும் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் ஹிப்போகாம்பஸில் கண்டறிந்து, டோல்மனின் கொள்கைக்கு வலுவூட்டினர். அண்டையிலுள்ள என்டோரைனல் புறணியில், நிலப்பரப்பை அறுகோண ஒழுங்கில் அளக்கும் 'வலை உயிரணுக்களை' மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரின் குழு 2005-இல் வெளிப்படுத்தியது. 2014-ஆம் ஆண்டு நோபெல் பரிசு ஓ'கீஃபுக்கும் மோசர் இருவருக்கும் உரியதாயிற்று. மனப்படத்தைச் சார்ந்து ஓட்டும் லண்டன் டாக்சி ஓட்டுநரின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பருத்திருப்பதை எலினார் மகுவயர் 2000-இல் காட்டினார்.

விளைவுகள்: முதுமையில் முதற்கண் தளர்வது மனப்படமே. வலை உயிரணுக்களின் ஒழுங்கு குன்றுவதால், புதிய இடத்தைக் கற்பது கடினமாகிறது. பழகிய தடமோ நெடுங்காலம் நிலைக்கிறது. அல்ஸைமர் நோயின் ஆதிச் சிதைவு பெரும்பாலும் என்டோரைனல் புறணியின் அயலிலேயே தொடங்குவதால், வழி தவறுதல் அந்நோயின் ஆரம்ப அறிகுறிகளுள் ஒன்றாகும்.

தோட்டப்புறம்: இவ்விருவகை வேறுபாடு மலாயாத் தோட்டத் தொழிலாளரிடத்தும் காணப்படும். கோலா சிலாங்கூர் மாவட்டத்தில், அன்று பத்தாங் பெர்ஜுந்தாய் எனப்பட்ட ஊருக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில், பிரெஞ்சு நாவலாசிரியரான ஆன்றி ஃபொக்கோனியே 1917-இல் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். பின்னாளில் ரப்பர் பால்மரங்கள் வீழ்ந்து, ஒன்றையொன்று ஒத்த செம்பனை நிரைகள் எங்கும் பரவின. இருட்டோடு நிரைக்குச் சென்று பால் வெட்டிய தொழிலாளியின் வழித்திறம் பெரிதும் இரண்டாம் வகையானது. அடையாள மரங்களும் லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளும் மறைந்து, குடும்பம் புதிய குடியிருப்புக்குப் பெயர்ந்தபின் முதல்வகையே வேண்டப்படுவதால், வயோதிகத்தில் அதன் குறைவு வெளிப்படுகிறது.

தற்கால நிலை: மலேசியாவில் 60 வயதைக் கடந்தோரில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாக 2018-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு மதிப்பிட்டது. இந்நோய்க்குப் பூரண சிகிச்சை இல்லை.