நயா பைசாவில் கென்னடி

வளைகுடா வரலாறு – 17

பழைய தபால்தலை ஆல்பம் வீட்டில் இருந்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் படம் போட்ட தலை ஒன்று கண்ணில் படலாம். வெளியிட்டது அஜ்மான். விலையோ டாலரில் இல்லை, திர்ஹாமிலும் இல்லை; நயா பைசாவில்!

1964-ல் வந்த தலை அது. நம் ரிசர்வ் வங்கி அச்சடித்துக் கொடுத்த வளைகுடா ரூபாய்தான் அப்போது அங்கே செலாவணி. அஜ்மானின் பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். ஏழு அமீரகங்களில் கடைக்குட்டி. மீன்பிடிப்பில் பிழைத்த ஊர், எண்ணெய் கிடையாது. 1928-லிருந்து ஆண்டுவந்த ஷேக் ராஷித் பின் ஹுமைத் அல் நுஐமிக்குக் கஜானா எப்போதும் கவலைதான். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஃபின்பார் கென்னி என்ற அமெரிக்கத் தபால்தலை வியாபாரி. அச்சடிப்பும் விற்பனையும் அவர் பொறுப்பு, பெயர் அஜ்மானுடையது என்று ஒப்பந்தம் ஆனது. அஜ்மானிலிருந்து எத்தனை கடிதம் போகிறது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் வாங்கினால் போதும். கென்னடி முகத்துக்கு அன்று இருந்த மவுசு அப்படி.

ஆனால் அந்த முகத்துக்குரியவர் தன் ஊரில் நினைத்ததையெல்லாம் சாதித்தாரா? கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கேட்டு 1963 ஜூனில் அவர் அனுப்பிய மசோதா, நவம்பர் 22-ல் அவர் சுடப்பட்ட நாள் வரை காங்கிரஸைத் தாண்டவில்லை. அவருக்குப் பின் வந்த ஜான்சன்தான் 1964 ஜூலை 2-ல் அதில் கையெழுத்திட்டார். அதிபர் மசோதாவைக் கேட்டு வாங்கலாம், பிடிக்காததைத் திருப்பியும் அனுப்பலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மறுபடி நிறைவேற்றிவிட்டால் அவர் மறுப்பு செல்லாது. 1951-லிருந்து, இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படவும் முடியாது.

அமெரிக்க அதிபரின் கைக்கே இத்தனை கட்டுகள் என்றால், அஜ்மான் சேர்ந்த ஒன்றியத்தின் தலைவருக்கு எப்படி? அதைப் பார்க்க அஜ்மானுக்குத் திரும்புவோம். 1968 ஜனவரியில் பிரிட்டன் வளைகுடாவை விட்டுக் கிளம்பப்போவதாக அறிவித்தது. 1971 டிசம்பர் 2-ல் அஜ்மான் உட்பட ஆறு அமீரகங்கள் ஒன்றாயின. ராஸ் அல் கைமா பிறகு வந்தது. இந்த ஒன்றியத்தின் தலைவரைத் தமிழில் எப்படி அழைப்பது? இது குடியரசு இல்லை, எனவே ‘குடியரசுத் தலைவர்’ பொருந்தாது. அரபியில் ‘ரயீஸ்’, அதாவது தலைவர். எதற்குத் தலைவர்? தங்கள் மண்ணில் தாங்களே ஆளும் ஏழு பேருக்குத் தலைவர்.

அவரைத் தேர்ந்தெடுப்பவர்களும் அந்த ஏழு பேர்தான். உச்ச மன்றம் என்று பெயர், மக்கள் வாக்களிப்பதில்லை. பதவிக்காலம் ஐந்து ஆண்டு, மீண்டும் மீண்டும் வரலாம். பிரதமரை அவர் நியமிப்பதற்கும் உச்ச மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். முக்கியமான முடிவு எதற்கும் ஏழில் ஐந்து வாக்கு தேவை. அந்த ஐந்தில் அபுதாபியும் துபாயும் இருந்தே ஆக வேண்டும். வங்கி லாக்கரின் இரண்டு சாவி மாதிரி, ஒன்று மட்டும் இருந்தால் திறக்காது. தலைவர் அபுதாபிக்காரர் என்றாலும் துபாய் தலையசைக்காமல் பெரிய காரியம் நடக்காது. அஜ்மான்? தனியாக எதையும் தடுக்க முடியாது. ஆனால் இன்னும் இரண்டு சின்ன அமீரகங்கள் கூட நின்றால் மிஞ்சுவது நாலே வாக்கு; காரியம் நின்றுவிடும்.

இந்தப் பூட்டு முதல் தலைவர் ஷேக் சாயிதையே சலிப்படைய வைத்தது. ஒன்றியம் என்று பெயர்தான், ஆளாளுக்குத் தனிப் படை வைத்துக்கொள்ள அரசியல் சட்டமே இடம் கொடுத்திருந்தது. 1976 ஆகஸ்டில், மறுபடி பதவி வேண்டாம் என்று அறிவித்தார். அபுதாபியின் எண்ணெய்ப் பணம் இல்லாமல் ஒன்றியத்தின் செலவு ஓடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். அந்த நவம்பரில் 142-வது பிரிவு திருத்தப்பட்டது. படை வைக்கும் உரிமை ஒன்றியத்துக்கு மட்டுமே என்றானது. சாயித் மீண்டும் தலைவரானார். சட்டம் தராத பலத்தை, விலகிவிடுவேன் என்ற ஒரு சொல் வாங்கிக் கொடுத்தது. ஏழு பேரில் யாரும் தலைவராகலாம் என்கிறது சட்டம். இதுவரை வந்த சாயித், கலீஃபா, முகமது மூவரும் அபுதாபிக்காரர்களே.

அஜ்மானின் தபால்தலை என்ன ஆயிற்று? தபால் 120-வது பிரிவின்படி ஒன்றியத்தின் கைக்குப் போனது. 1972-க்குப் பிறகு ‘அஜ்மான்’ என்று அச்சிட்ட தலைகள் ஆல்பத்துக்கு மட்டும்தான். தங்கள் மண்ணும் அதன் அடியில் கிடைப்பதும் 23-வது பிரிவின்படி அந்தந்த அமீரகத்துக்கே என்றாயின. எண்ணெய் உள்ள அபுதாபிக்கு அந்தப் பிரிவு பெருஞ்செல்வம். அஜ்மானுக்கோ வெறும் மணல்.

அந்த மணலில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. துபாயில் வேலை, வாடகை குறைவு என்று அஜ்மானில் குடித்தனம் என்றிருக்கும் நம்மவர்கள் ஏராளம். அவர்கள் கைப்பையில் இரண்டு தாள்கள் இருக்கும். விசா தருவது ஒன்றியம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் முத்திரை குத்துவது அஜ்மான் நகராட்சி. 1971-ல் ஒன்றியமும் அமீரகங்களும் பிரித்துக்கொண்ட அதிகாரம், அந்தப் பைக்குள் இன்னும் பிரிந்தே கிடக்கிறது.

(அடுத்த வாரம்: ராஸ் அல் கைமா மட்டும் ஏன் எழுபது நாள் வெளியே நின்றது?)