வாட் என்பது பாதி வாக்கியம்

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க கார் ஆடியோ போட்டிக்காரர்கள் மத்தியில் ஒரு ஆம்ப்ளிஃபயருக்குத் தனி மவுசு இருந்தது. ஓரியன் நிறுவனத்தின் 225 எச்சிசிஏ. அதன் விவரத்தாளில் போட்டிருந்த சக்தி சேனலுக்கு வெறும் 25 வாட். இரண்டு சேனலும் சேர்ந்தால் 50. இன்றைக்கு யாராவது டிக்கியில் 50 வாட் ஆம்ப் வைத்திருக்கிறேன் என்றால் சிரிப்போம். ஆனால் அந்தச் சின்ன எண்ணுக்காகத்தான் அதைத் தேடி வாங்கினார்கள்.

காரணம் போட்டி விதி. ஐயாஸ்கா போன்ற அமைப்புகள் போட்டியாளர்களை ஆம்பின் வாட் கணக்கை வைத்துப் பிரித்தன. குத்துச்சண்டையில் எடைப் பிரிவு மாதிரி. அந்த வாட் கணக்கு, 4 ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்தால் ஆம்ப் எவ்வளவு தரும் என்பது. ஆனால் 4 ஓம்தான் சேர்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே!

கணக்கு எளிது. 4 ஓமில் 25 வாட் தர ஆம்ப் 10 வோல்ட் கொடுத்தால் போதும். அதே 10 வோல்ட்டை 2 ஓமுக்குக் கொடுத்தால் 50 வாட். 1 ஓமில் 100. அரை ஓமில் 200. அதாவது காகிதத்தில் 50 வாட் பிரிவில் நிற்கும் ஆள், உண்மையில் 400 வாட்டோடு வந்து இறங்கலாம். அவ்வளவு கரண்ட்டையும் தாங்கும்படி உள்ளே டிரான்சிஸ்டர்களையும் பவர் சப்ளையையும் கட்டியிருந்தார்கள். இந்த வகை ஆம்ப்களுக்கே 'ஏமாற்று ஆம்ப்' என்று செல்லப்பெயர் உண்டு.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 4 ஓமில் 25 வாட் என்பது சத்தியமான உண்மை. வாட் என்பது ஆம்புக்குள் இருக்கும் சரக்கு அல்ல. ஆம்பும் ஸ்பீக்கரும் சேரும்போது நடக்கும் ஒரு விஷயம். 'எத்தனை ஓமில்?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வாட், முடிக்காமல் விட்ட பாதி வாக்கியம். ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் 1827லேயே இதற்கான அடிப்படையைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். சொந்த ஊரில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1841ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் மரியாதை வந்தது.

ஏமாற்று ஆம்ப் செய்ததை எல்லா ஆம்பும் செய்ய முடியாது. சாதாரண ஆம்ப் ஒன்றுக்கு 'குறைந்தபட்சம் 2 ஓம்' என்று போட்டிருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. 1 ஓம் மாட்டினால் கரண்ட் இரட்டிப்பாகும், சூடு ஏறும். நல்ல ஆம்ப் என்றால் தானே அணைந்துகொள்ளும். மட்டமானது என்றால் புகையும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு 4 ஓம் காயில் கொண்ட சப்வூஃபர் இரண்டை வாங்கினால் மொத்தம் நான்கு காயில். எல்லாவற்றையும் இணையாகக் கோர்த்தால் 1 ஓம். ஒவ்வொரு சப்வூஃபரின் காயில்களையும் தொடராக இணைத்து, பிறகு இரண்டு சப்வூஃபரையும் இணையாகக் கோர்த்தால் 4 ஓம். பொருள் அதேதான், வயர் போகிற வழி மட்டும் வேறு. இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்தால் இன்னொரு கண்ணி: 4 ஓம் மாட்டினாலும் ஒவ்வொரு சேனலின் தலையிலும் 2 ஓம் சுமைதான் விழும்.

எண்ணைக் குறைத்துச் சொல்லி ஜெயித்தது ஒரு சின்னக் கூட்டம். சந்தையில் நடந்தது நேர் எதிர். 1960களில் அமெரிக்க ஸ்டீரியோ விளம்பரங்களில் 'உச்ச சக்தி', 'இசைச் சக்தி' என்று ஆளாளுக்கு ஓர் அளவுகோல். 1974ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் எஃப்டிசி தலையிட்டது. தொடர்ச்சியாக எவ்வளவு வாட், எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவோடு என்று சொல்லியே ஆகவேண்டும். அளப்பதற்கு முன் ஆம்பை மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். கடுமையான விதி. ஆனால் அது வீட்டுக் கருவிகளுக்கு மட்டும். கார் வெளியே நின்றது.

நம் ஊரில் அந்த நோய்க்குப் பெயர் பிஎம்பிஓ. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் வாங்கிய வீடுகளில் அந்த ஸ்டிக்கரைப் பார்க்காதவர்கள் குறைவு. எப்படி அளப்பது என்று பொது விதியே இல்லாத எண் அது. சுவரில் செருகும் சின்ன பிளக்கிலிருந்து ஆயிரம் வாட் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கார்களுக்கு விடிவு 2003ல் வந்தது. அமெரிக்க மின்னணு நிறுவனங்களின் சங்கம் சிஇஏ-2006 என்ற தரத்தை அறிவித்தது. 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் போகாத சிதைவு. எல்லோரும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும். ஆனால் விரும்பினால் மட்டும் பின்பற்றலாம். அதனால் '2000 வாட்' பெட்டிகள் இன்றும் கடைகளில் குறையவில்லை.

அந்தப் பெட்டியைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. ஆம்பின் ஓரத்தில் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 20 ஆம்பியர் என்றால், 14.4ஆல் பெருக்கினால் 288. தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே ஏறக்குறைய 288 வாட்தான். அதில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். டி வகுப்பு ஆம்ப் என்றால் ஐந்தில் நான்கு பங்கு வெளியே வரலாம், ஏபி வகுப்பு என்றால் பாதியைக் கொஞ்சம் தாண்டும். மார்க்கெட்டிங் பிரிவு எதை அச்சடித்தாலும் ஃப்யூஸ் போட்டவர் இன்ஜினியர்.

வாட் எண்ணை நம்பினால் பணம்தானே போகும் என்று தோன்றலாம். பணம் மட்டும் இல்லை. ஸ்பீக்கருக்குள் போகும் சக்தியில் ஒலியாவது ஒன்றிரண்டு சதவீதம்தான். மீதி எல்லாம் காயிலில் சூடு. போலி '1000 வாட்' ஆம்பிடம் ஆயிரம் கேட்டுத் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகும். முழுக்கச் சதுரமான அலை, அதே உயரமுள்ள சுத்தமான அலையைப் போல இரண்டு மடங்கு சக்தி கொண்டது. பேஸ் நன்றாக இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே காயில் கருகிக்கொண்டிருக்கும். கெயின் திருகு வால்யூம் கிடையாது. 2 ஓமில் 300 வாட் வேண்டுமென்றால் வெளியீடு ஏறக்குறைய 24.5 வோல்ட். டெஸ்ட் டோனைப் போட்டு, மல்டிமீட்டரில் அதைப் பார்த்ததும் திருகை விட்டு கையை எடுத்துவிடலாம்.

அடுத்தது நெருப்பு. 12 வோல்ட் ஷாக் அடிக்காது. அதனால் பயமும் வராது. ஆனால் கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரு நொடியில் தள்ளும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர், எங்கேயோ தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால் அந்த வயரே ஹீட்டர். ஆம்பில் இருக்கும் ஃப்யூஸ் அதைத் தடுக்காது, அது வயரின் மறுமுனையில் இருக்கிறது. இதற்குப் பேட்டரி பக்கத்திலேயே, ஒன்றரை அடிக்குள், வயர் தாங்கும் அளவுக்கு இன்னொரு ஃப்யூஸ் வேண்டும். அது ஆம்பைக் காப்பாற்ற அல்ல. வயரையும், காரில் உட்கார்ந்திருப்பவர்களையும் காப்பாற்ற.

வாட்டில் சாமர்த்தியம் காட்டிய அதே போட்டிகளில், வண்டியில் எல்லாவற்றையும் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதற்கும் நடுவர்கள் மதிப்பெண் போட்டார்கள். விதியின் ஓட்டைக்குள் புகுந்து 50 வாட்டை 400 ஆக்கியவர்கள் ஓமை விட்டு ஓர் அடிகூட வெளியே வைக்கவில்லை. அவர்கள் கணக்கு தெரிந்து செய்தார்கள். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பி வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. கடைக்காரரிடம் 'எத்தனை வாட்?' என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 'எத்தனை ஓமில், எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ்?' என்றும் கேளுங்கள். பதில் சொல்ல அவர் யோசித்தால், அடுத்த கடைக்குப் போகலாம்.