கட்சியற்ற குரல்

இருபது வயதையும் எட்டாத உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் படைத்தலைவராக நியமித்தபோது, இளமையைக் காட்டி முணுமுணுத்தோர் உண்டு. பொறுப்புக்குரிய தகுதி வயதில் இல்லை என்பதை அந்நியமனம் உணர்த்திற்று. அவ்வுண்மைக்குப் பிற்காலச் சான்றொன்று வட அயர்லாந்தின் வரலாற்றிலும் காணக் கிடைக்கிறது.

1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடபகுதியின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. அங்குப் புராட்டஸ்டண்டினர் பெரும்பான்மையினர், கத்தோலிக்கர் சிறுபான்மையினர். 1960களிலும் உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுவரி செலுத்தும் குடும்பத் தலைவர்க்கும் அவர்தம் துணைவர்க்குமே வாக்குரிமை இருந்தது. அரசு வீடுகளை ஒதுக்கும் அதிகாரமோ அதே உள்ளாட்சி மன்றங்களிடம் இருந்தது. ஆகவே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திற்கு வீட்டை மறுப்பது, வாக்கையும் மறுப்பதாயிற்று.

இந்த அநீதியை எதிர்த்து எழுந்தவருள் ஒருவர் பெர்னடெட் டெவ்லின். 1947இல் டைரோன் மாவட்டத்துக் குக்ஸ்டவுனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். பத்தொன்பதில் தாயையும் இழந்தார். பெல்பாஸ்டு குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்றுகொண்டே உரிமைப் பேரணிகளில் முன்னின்றார்.

1969 ஏப்ரலில் மிட் அல்ஸ்டர் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. மறைந்த உறுப்பினரின் துணைவியாரே யூனியனிஸ்டு வேட்பாளர். தேசியவாதிகள் பலர் இலண்டன் நாடாளுமன்றத்தைப் புறக்கணிப்பதையே கொள்கையாகக் கொண்டிருந்த காலம் அது. டெவ்லினோ, ஆசனத்தில் அமர்ந்தே உரிமைக்குப் போராடுவேன் என வாக்களித்து, பெருங்கட்சி எதனையும் சாராமல் நின்றார். 33,648 வாக்குகள் பெற்று, 4,211 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அப்போது அவருக்கு வயது 21.

புதிய உறுப்பினர் சில நாள் பொறுத்துப் பேசுவதே மரபு. அவர் ஏப்ரல் 22ஆம் நாள், பதவியேற்ற அன்றே எழுந்து பேசினார். தம் மக்களுக்காக மட்டுமன்றி, அதே ஆட்சியால் வறுமையில் வாடிய புராட்டஸ்டண்டு ஏழைகளுக்காகவும் அவர் வாதாடியதே குறிக்கத்தக்கது.

கட்சியில்லாமை அவருக்கு வலிமையாயிற்று. அதுவே காப்பற்ற நிலையும் ஆயிற்று. 1969 ஆகஸ்டில் டெர்ரி நகரத்துப் போக்ஸைடு மக்களோடு தடுப்பரண்களில் நின்றமைக்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1970 ஜூனில் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, அம்மாதமே சிறைபுகுந்தார்.

1972 ஜனவரி 30ஆம் நாள், டெர்ரியில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் பதின்மூவர் அன்றே மாண்டனர்; காயமுற்ற இன்னொருவர் பின்னர் இறந்தார். டெவ்லின் அங்கிருந்து கண்டவர். மறுநாள் உள்துறை அமைச்சர் மாட்லிங், படையினர் தற்காப்புக்காகவே சுட்டனர் என்றார். கண்ணாரக் கண்ட உறுப்பினருக்கோ பேச அனுமதி கிடைக்கவில்லை. அவர் எழுந்து சென்று அமைச்சரை அறைந்தார். கை நீட்டியதை நாம் போற்ற வேண்டுவதில்லை. எனினும் சாட்சியின் வாயை அடைத்த அவை, தன் நீதியைத் தானே குறைத்துக்கொண்டது என்பதை மறுக்க இயலாது.

1974 பிப்ரவரியில், வாக்குகள் பிளவுண்டு டெவ்லின் தோற்றார். ஆனால் 2010 ஜூனில் சேவில் விசாரணை அறிக்கை வெளிவந்தது. சுடப்பட்டோருள் எவரும் சுடத்தக்க அச்சுறுத்தலாக இருக்கவில்லை என்று அது உரைத்தது. பிரதமர் கேமரூன் அதே அவையில் மன்னிப்புக் கோரினார்.

கொடுங்கோலன்முன் உண்மை உரைப்பதை உயர்ந்த அறப்போராக நபிமொழி போற்றுகிறது. பதவியிழந்த பெண்ணின் சாட்சியை அரசே ஏற்க முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. சாட்சி சொல்வோர் கடமை சொல்வதே, காலத்தைக் கணக்கிடுவதன்று.