மாத்திரையின் பெயர் என்ன? பனியன் கம்பெனிப் பெண்களும் ரத்தக்குறைவும் ஹார்மோன் கோளாறும்



திருப்பூரில் காதர்பேட்டையிலும், காங்கேயம் சாலையிலும், மங்கலத்திலும் வாழும் நம் குடும்பங்களில் பனியன் தொழிலோடு தொடர்பில்லாத வீடு அபூர்வம். ஒருவர் கட்டிங்கில் இருப்பார், ஒருவர் ஓவர்லாக்கில், இன்னொருவர் செக்கிங்கில். வேலைக்குப் போகாத பெண்களும் வீட்டில் பிசிர் வெட்டிக் கொடுக்கிறார்கள்.

இந்த வீடுகளிலிருந்து நமக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், பத்து நாளைத் தாண்டியும் உதிரப்போக்கு நிற்கவில்லை. தொழலாமா?" ஹனஃபி மத்ஹபில் மாதவிடாயின் உச்ச வரம்பு 10 நாள், ஷாஃபி மத்ஹபில் 15 நாள். அதற்கு மேல் போவது இஸ்திஹாளா. குளித்துவிட்டு, ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒளூ செய்து தொழ வேண்டும். இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவோம். பல வருடங்கள் நாமும் இப்படித்தான் செய்தோம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் இதே பிரச்சினையைக் கேட்டபோது, அது மாதவிடாய் அல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று நபி (ஸல்) அவர்கள் பிரித்துச் சொன்னார்கள். அதாவது, அது உடலில் ஏற்பட்ட ஒரு கோளாறு. கோளாறு என்றால் மார்க்கச் சட்டத்தோடு மருத்துவமும் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். 10 நாள், 15 நாள் என்பவை தொழுகைக்கான வரம்புகள். உடல்நலத்துக்கான வரம்பு இவற்றைவிடக் குறைவு. 7 நாளுக்கு மேல் உதிரப்போக்கு நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, பெரிய கட்டிகளாக வெளியேறினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் அடியோடு நின்றுவிட்ட பிறகு ஒரு சொட்டு தென்பட்டாலும் தள்ளிப்போடக் கூடாது.

2019-ல் வெளிவந்த செய்தி

"இதற்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், "ஒரு வெள்ளை மாத்திரை, கம்பெனியில் கொடுத்தார்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அதன் பெயர் தெரிவதில்லை.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் 2019 ஜூன் மாதம் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. அதற்காகத் தமிழகத்தின் ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசியிருந்தார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் வேலையிடத்தில் பெயரும் தேதியும் இல்லாத மாத்திரை தரப்பட்டதாக அத்தனை பேரும் கூறினார்கள். அதனால் உடல்நலம் கெட்டதாகப் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். மருத்துவர்களிடம் காட்டியபோது, அவை ஐபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்த வலிநிவாரணிகள் என்று தெரியவந்தது.

இந்த வகை மாத்திரை விஷம் அல்ல. மருத்துவர் சொல்லி, உணவுக்குப் பிறகு, ஓரிரு நாள் எடுத்தால் வலி குறையும். ஆனால் வெறும் வயிற்றில் மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம். புண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்தால், ஏற்கெனவே இருக்கும் ரத்தக்குறைவு கூடும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்ணுக்கு இது சிறுநீரகத்தையும் பாதிக்கும். 20 வாரத்தைத் தாண்டிய கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது.

இரும்புச்சத்தின் கணக்கு

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழ் போனால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு அந்த அளவு 11.

காரணம் எளிய கணக்குதான். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிடாயில் 40 மில்லி ரத்தம் போனால் 20 மில்லிகிராம் இரும்பு போகிறது. 80 மில்லி போனால் இழப்பு இரட்டிப்பாகும். உணவிலுள்ள இரும்பில் சிறு பகுதியைத்தான் குடல் உறிஞ்சுகிறது. அதனால்தான் ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. நம் வீட்டுச் சகோதரியோ காலையில் டீயும் பன்னும், மதியம் டப்பா சோறு, மாலையில் மறுபடி டீ என்று ஷிப்டை முடிக்கிறார். டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடலில் சேரவிடாது.

இரும்பும் தைராய்டும்

பலருக்குத் தெரியாத தொடர்பு இது. தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனை உருவாக்க அயோடின் வேண்டும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. ஆனால் அயோடின் மட்டும் போதாது. அதை ஹார்மோனாக மாற்றும் நொதி வேலை செய்ய இரும்பு தேவை. அந்த ஹார்மோனை உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாற்ற செலினியம் தேவை.

எனவே இரும்பு குறைந்தால் தைராய்டு மந்தமாகலாம். தைராய்டு மந்தமானால் உதிரப்போக்கு அதிகமாகலாம். உதிரப்போக்கு அதிகமானால் இரும்பு இன்னும் குறையும். களைப்பு, முடி உதிர்தல், எடை கூடுதல், மாதவிடாய் முறை தவறுதல், கரு தங்காமை என்று தனித்தனியாகத் தெரியும் பிரச்சினைகள் சில சமயம் இந்த ஒரே சுழலிலிருந்து வருகின்றன. "சோம்பேறி" என்று மாமியாரும், "டார்கெட் எடுக்கவில்லை" என்று சூப்பர்வைசரும் திட்டும் பெண், உண்மையில் நோயாளியாக இருக்கலாம்.

இதற்காக அயோடினை அதிகமாக எடுக்கவும் கூடாது, அளவு மீறினாலும் தைராய்டு கெடும். அயோடின் கலந்த உப்பை வழக்கமான அளவில் பயன்படுத்தினால் போதும். தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்ந்த இரட்டைச் செறிவூட்டிய உப்பையும் விற்கிறது.

எந்த மாத்திரை, எப்போது?

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து ஏறாது. இரும்பையும் கால்சியத்தையும்கூட ஒன்றாகப் போடக் கூடாது.

இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு எடுக்கலாம். டீயை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம்தான், பயம் வேண்டாம். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் இரவு உணவுக்குப் பிறகு எடுக்கலாம். குழந்தைகள் கையில் எட்டாத இடத்தில் வையுங்கள். அதிகம் விழுங்கினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

முடி வளர பயோடின் மாத்திரை எடுப்பவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் முடிவு தவறாக வரலாம். ரத்தம் குறைவு என்றாலே இரும்புக் குறைவு என்றும் முடிவு செய்யாதீர்கள். தலசீமியா போன்ற பரம்பரைக் காரணங்களும் உண்டு, அவர்களுக்கு இரும்பு தேவையில்லாமல் போகலாம்.

வாட்ஸ்அப்பில் "ஹார்மோன் பேலன்ஸ்" என்று விற்கும் பவுடர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ஊட்டச்சத்துத் துணைப்பொருளின் லேபிளில் "மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அப்படிப்பட்ட பொருள் நீர்க்கட்டியைக் கரைக்கும், குழந்தை தரும் என்று ஒருவர் சொன்னால் அவர் வியாபாரம் பேசுகிறார்.

ரமளானும் தள்ளிப்போடும் மாத்திரையும்

ரமளானில் 30 நோன்பையும் விடாமல் பிடிக்க, மெடிக்கலில் தாமாகவே மாத்திரை வாங்கி மாதவிடாயைத் தள்ளிப்போடும் சகோதரிகள் இருக்கிறார்கள். உடலுக்குத் தீங்கு இல்லை என்றால்தான் அறிஞர்கள் அதற்கு அனுமதி சொல்கிறார்கள். அதுவும் ஒரு ஹார்மோன்தான். ரத்தம் உறைந்த வரலாறு, கடும் ஒற்றைத் தலைவலி, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். சிலருக்கு நிறுத்திய பிறகு மாதவிடாய் தாறுமாறாகும். விட்ட நோன்பைக் களாச் செய்ய மார்க்கமே வழி கொடுத்திருக்கும்போது, மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சிரமம் எதற்கு? ஹஜ், உம்ரா போகிறவர்களும் மருத்துவரைப் பார்த்த பிறகே முடிவெடுக்கட்டும்.

நோன்பு நாட்களில் தைராய்டு மாத்திரையை ஸஹருக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்துவிட்டு, இரும்பை இஃப்தாருக்குப் பின் எடுக்கலாம். உங்கள் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் விழுங்காதீர்கள். அட்டையைக் கேளுங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள்.

2. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. உரிமை உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. அந்த அட்டையைப் பீரோவில் பூட்டி வைக்காமல் பயன்படுத்துங்கள். அட்டை இல்லாதவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம்.

3. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டி.எஸ்.ஹெச். ஆகிய பரிசோதனைகள் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

4. முருங்கைக்கீரை, கேழ்வரகு, மீன், இறைச்சி, நெல்லிக்காய் ஆகியவற்றை வீட்டுப் பெண்களின் தட்டிலும் வையுங்கள். கறித்துண்டு ஆண்களுக்கும், குழம்பு பெண்களுக்கும் என்ற பழக்கத்தை விடுங்கள்.

5. வளர் இளம்பெண்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதைத் தூக்கி எறியாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

6. கம்பெனி நடத்தும் சகோதரர்களே, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தகுதியுள்ள மருத்துவப் பணியாளர்களோடு முதலுதவி அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. சிறிய யூனிட்டானாலும், வலி என்று வரும் பெண்ணுக்கு மாத்திரையை நீட்டி மெஷினுக்கு அனுப்பாமல், அரை மணி நேரம் ஓய்வு கொடுங்கள். அவளுடைய உடல் உங்களிடம் உள்ள அமானிதம்.

இப்போது அந்தக் கேள்வி வந்தால் தொழுகையின் சட்டத்தைச் சொல்லிவிட்டு, "ரத்தம் எவ்வளவு இருக்கிறது, பார்த்தீர்களா? மாத்திரையின் பெயர் என்ன?" என்றும் கேட்கிறோம். ஒவ்வொரு ஜமாஅத்திலும் உலமாக்கள் இதைக் கேட்கட்டும். கணவன்மார்களும் அத்தாமார்களும் வீட்டில் கேட்கட்டும்.

நம் பெண்களுக்கு அல்லாஹ் முழு ஆரோக்கியத்தை வழங்குவானாக. ஆமீன்.