மீண்ட மரங்கொத்தி, தவிக்கும் திமிங்கலம்: ஒரே ஆண்டில் பட்டியலில் சேர்ந்தும் ஏன் இந்த வித்தியாசம்?

ஒன்று சுமார் 15 மீட்டர் நீளமுள்ள கடல் ராட்சதன். இன்னொன்று வெறும் 50 கிராம் எடையுள்ள பறவை. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம், ரெட் காக்கடெட் மரங்கொத்தி ஆகிய இரண்டையுமே 1970-ல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது அமெரிக்கா. அதன்பின் என்ன ஆச்சு? பார்க்கலாம்.

எங்கே வாழ்கின்றன?

ஜார்ஜியா மாகாணத்தில் இரண்டும் உண்டு. பைன் காடுகளில் மரங்கொத்தி. குளிர்காலத்தில் கரையோரக் கடலுக்குக் குட்டி ஈன வரும் திமிங்கலம்.

மரங்கொத்தி மீண்டது எப்படி?

இந்தப் பறவை பட்ட மரத்தில் கூடு வைக்காது. உயிருள்ள முதிர்ந்த பைன் மரத்தைத்தான் குடையும். ஒரு பொந்து முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும். முதிர்ந்த மரங்களை வெட்டியதால் வீடில்லாமல் போனது.

1989-ல் ஹியூகோ புயல், தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மரியன் காட்டில் பொந்து மரங்களைச் சாய்த்துப் போட்டது. உடனே மரத்தண்டில் சதுரமாகக் குடைந்து, மரப்பெட்டிகளைப் பொருத்தினார்கள். பறவைகள் குடியேறிவிட்டன! புதர்களை அகற்ற, கட்டுப்பாட்டுடன் தீ வைப்பதும் கைகொடுத்தது.

1970-களின் இறுதியில் சுமார் 1,470 ஆக இருந்த மரங்கொத்திக் குடும்பங்கள், இப்போது சுமார் 7,800. இதனால் 2024 அக்டோபரில், 'அழியும் நிலை'யில் இருந்து ஒரு படி குறைவான 'அச்சுறுத்தலுக்கு உள்ளான' பிரிவுக்கு மாற்றப்பட்டது.

திமிங்கலத்துக்கு என்ன சிக்கல்?

மெதுவாக நீந்தும், செத்தாலும் மிதக்கும். வேட்டைக்கு 'சரியான' திமிங்கலம் என்பதால்தான் 'ரைட்' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். வேட்டைக்கு 1935-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் இன்று மிச்சமிருப்பது சுமார் 380 மட்டுமே. அதில் குட்டி ஈனும் பெண்கள் சுமார் 70 தான்.

கப்பல் மோதலும், லாப்ஸ்டர், நண்டுப் பொறிகளின் கயிறுகளும்தான் இப்போதைய எமன். கயிற்றில் சிக்கித் தப்பினாலும் உடல் தளர்ந்துவிடும். முன்பு 3, 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை குட்டி போட்டவை, இப்போது 7 முதல் 10 ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன.

தீர்வு இருக்கா?

65 அடிக்கு மேற்பட்ட கப்பல்கள், குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட மாதங்களில் 10 நாட் வேகத்தைத் தாண்டக்கூடாது என 2008-ல் விதி வந்தது. கடலில் கயிறு தொங்காத பொறிகளும் சோதனையில் உள்ளன. ஆனால் அவை விலை அதிகம். மீனவர்களின் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கு.

மரங்கொத்திக்குப் பெட்டி வைத்தால் வீடு ரெடி. திமிங்கலத்தின் வீடோ, கப்பல்களும் மீனவர்களும் தினமும் புழங்கும் கடல். அவர்கள் வழக்கம் மாறினால்தான் அதற்குப் பிழைப்பு.