அணையைப் பாடிய படமும் அணைக்கு எதிரான நாட்குறிப்பும்

பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் ஆவணப்படங்களைத் திரையிட முற்படும் எவரும் முதலில் தேடுவது அண்மையில் வெளிவந்த படங்களைத்தான். புள்ளிவிவரங்கள் புதியனவாக இருக்கும், ஒளிப்பதிவு நேர்த்தியாக இருக்கும் என்பன காரணங்கள். ஆயினும் இத்தேர்வில் ஒரு குறை உண்டு. புதிய படம் முன்வைக்கும் தீர்வைக் காலம் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட படத்தைப் பார்க்கும்போதோ, அது நம்பிய தீர்வு பின்னாளில் என்னவாயிற்று என்பது நமக்குத் தெரியும். அந்த அறிவோடு பார்ப்பதே மாணவனுக்கு உண்மையான பயிற்சி. இதற்கு இரண்டு நாடுகளின் படங்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

1930களில் அமெரிக்காவின் தென் சமவெளிகளைப் புழுதிப்புயல்கள் சூறையாடின. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புயலில் பட்டப்பகல் இருண்டது. அந்நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் குறிப்பிடுகின்றனர். இதைப் பற்றிப் படமெடுக்க விரும்பிய ரூஸ்வெல்ட் அரசின் மறுகுடியமர்த்தல் துறை, திரை விமர்சகரான பேர் லொரென்ட்ஸை நாடியது. அவர் அதற்குமுன் ஒரு படமும் எடுத்தவரல்லர். 1936இல் வெளிவந்த 'சமவெளியை உடைத்த கலப்பை' அரைமணி நேரத்துக்கும் குறைவாக ஓடும் படம். மண்ணைப் பிடித்துவைத்திருந்த புல்வெளியை உழுது அழித்ததே புழுதிக்குக் காரணம் என்பது அதன் வாதம். முதல் உலகப்போரில் கோதுமை விலை ஏறியபோது உழவு எல்லை கடந்ததைச் சொல்ல, போர்க்களத்து டாங்கிகளையும் வயலில் அணிவகுக்கும் டிராக்டர்களையும் லொரென்ட்ஸ் மாற்றி மாற்றிக் காட்டினார். விளக்கவுரை தேவைப்படாத வாதம் அது.

படம் எளிதில் மக்களைச் சென்றடையவில்லை. அரசு தயாரித்த படத்தைப் போட்டியாகக் கருதிய ஹாலிவுட் நிறுவனங்கள் அதை விநியோகிக்க மறுத்தன. தம் மண்ணை இழிவுபடுத்துவதாகச் சமவெளி மாநிலங்களின் அரசியல்வாதிகள் சினந்தனர். படத்தின் இறுதியில் அரசு கட்டிக்கொடுக்கும் புதிய குடியிருப்புகளைக் காட்டும் பகுதி ஒன்று இருந்தது. அது பின்னர் வெட்டப்பட்டது. பிரச்சினையைக் காட்டிய பகுதிகள் நிலைத்தன. தீர்வாகச் சொல்லப்பட்டது உதிர்ந்துவிட்டது. சூழலியல் படங்களின் வரலாற்றுக்கே இதை ஒரு முன்னறிவிப்பு எனலாம்.

லொரென்ட்ஸின் அடுத்த படம் 'ஆறு'. 1937இல் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 1938இல் வெனிஸ் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான பரிசைப் பெற்றது. மிசிசிப்பி ஆற்றின் கதை இது. கிளையாறுகளின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக உச்சரித்துச் செல்லும் அதன் உரை, நாட்டுப் பாடல்களிலிருந்தும் தேவாலயப் பாடல்களிலிருந்தும் வெர்ஜில் தாம்சன் அமைத்த இசையுடன் சேரும்போது, ஒரு நெடுங்கவிதையைக் கேட்கும் உணர்வு எழுகிறது. மலைக்காடுகளை வெட்டியதும் பருத்திக்காக மண்ணை உறிஞ்சியதும் வெள்ளமாகத் திரும்பி வருகின்றன. 1937 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தபோது படக்குழு அதை நேரிலேயே பதிவு செய்தது. காடழிப்பு, மண்ணரிப்பு, வெள்ளம், வறுமை ஆகிய நான்கையும் ஒரே சங்கிலியாகக் கோத்துக் காட்டிய வகையில் இன்றும் இதற்கு இணையான பாடம் அரிது.

இத்தனைக்கும் படம் கண்ட மருந்து அணைகள்தாம். 1933இல் அமைக்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் அணைகள் ஆற்றை அடக்கி மின்சாரமும் வாழ்வும் தரும் என்று படம் நிறைவடைகிறது. அவ்வாணையத்தின் முதல் அணையான நாரிஸ் அணைக்காக 2,800க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. படத்தில் ஒலிப்பதோ கதைசொல்லியின் ஒரே குரல். தம் நிலத்தை விட்டுச் சென்றவர்கள் அதில் பேசுவதற்கு இடமே இல்லை.

அந்தக் கனவு அமெரிக்காவோடு நிற்கவில்லை. டென்னசி ஆணையத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தை இந்தியா நிறுவியது. 1959 டிசம்பரில் பஞ்சேத் அணையை நேரு தாம் திறக்காமல், அங்கு வேலைசெய்த சந்தால் பெண் ஒருவரைக்கொண்டு திறக்கவைத்தார். 1961இல் நர்மதை அணைக்கு அவரே அடிக்கல் நாட்டினார். பின்னர் சர்தார் சரோவர் என்று பெயர் பெற்ற அத்திட்டத்தை எதிர்த்தெழுந்த மக்களைத்தான் ஆனந்த் பட்வர்தனும் சிமந்தினி துருவும் 'ஒரு நர்மதை நாட்குறிப்பு' (1995) என்னும் படத்தில் பின்தொடர்ந்தனர்.

லொரென்ட்ஸின் படத்தில் இல்லாத அனைத்தும் இதில் உண்டு. வானிலிருந்து ஒலிக்கும் குரல் இல்லை. மூழ்கவிருக்கும் ஊர்களுக்குக் கேமரா மீண்டும் மீண்டும் செல்கிறது. ஆதிவாசிகள் தாமே பேசுகின்றனர். உலக வங்கி 1985இல் 45 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டிருந்தது. அது நியமித்த தனிக்குழு 1992இல் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தது. எஞ்சிய கடன் வேண்டாமென்று 1993இல் இந்தியா விலகியது. ஆயினும் 2000 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் கட்டுமானத்தை அனுமதித்தது. முழு உயரத்தை எட்டிய அணை 2017 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கட்ச், சௌராஷ்டிரப் பகுதிகளுக்கு நீர் சென்றது உண்மை. பள்ளத்தாக்கில் மறுவாழ்வு கோரும் போராட்டம் அதன்பின்னும் தொடர்ந்தது உண்மை. ஆக, இந்தப் படத்தையும் காலம் கேள்வி கேட்கிறது.

இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டவேண்டும் என்பது என் துணிபு. 'ஆறு' மட்டும் பார்த்தவன் அணையைக் கோயிலாகக் காண்பான். 'நாட்குறிப்பு' மட்டும் பார்த்தவன், அணை கட்டியவர்கள் அனைவரும் கொடியவர்கள் என்ற முடிவுக்கு வருவான். இரண்டையும் பார்த்தவனுக்கே, ஒரு தலைமுறையின் நல்லெண்ணம் அடுத்த தலைமுறையின் சிக்கலாக மாறுவது புலப்படும். வருங்காலத்தாரின் தேவைகளைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவது என்று 1987இல் புருண்ட்லாண்ட் ஆணையம் வளங்குன்றா வளர்ச்சிக்கு இலக்கணம் கூறியது. அவ்விலக்கணம் எவ்வளவு கடினமானது என்பதை இவ்விரு படங்களும் சேர்ந்து உணர்த்தும்.

ஒருதலையான படங்களை விலக்கிவிடலாமே என்பார் உளர். இதற்கு லண்டனில் ஒரு விடை கிடைத்தது. அல் கோர் தோன்றும் 'அசௌகரியமான உண்மை' (2006) படத்தைப் பள்ளிகளுக்கு அனுப்பப் பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்தபோது வழக்கு எழுந்தது. 2007 அக்டோபரில் நீதிபதி பர்ட்டன், படத்தின் மைய அறிவியல் பெரிதும் சரியானதே என்றார். அதேவேளை அறிவியலின் பொதுக்கருத்திலிருந்து விலகும் ஒன்பது இடங்களையும் சுட்டினார். கடல்மட்டம் விரைவில் 20 அடிவரை உயரக்கூடும் என்ற தோற்றம் அவற்றுள் ஒன்று. படத்தைத் தடைசெய்யவில்லை, உரிய வழிகாட்டிக் குறிப்புகளோடு காட்டலாம் என்றார்.

தேர்வுக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை. சார்பற்ற படத்தைத் தேடி அலைவதைவிட, சார்புள்ள படத்தை எடுத்து, அதை எடுத்தவர் யார், பணம் கொடுத்தவர் யார், பேசாதவர் யார், பின்னர் நிகழ்ந்தது என்ன என்னும் நான்கு கேள்விகளோடு திரையிடலாம். இன்று நாம் போற்றும் சூரியமின் பண்ணைகளைப் பற்றியும் படங்கள் வரும். அவற்றுக்காக நிலம் கொடுத்தவர்கள் அப்படங்களில் பேசுகிறார்களா என்று அந்த மாணவர்கள் கேட்பார்களானால், திரையிட்டதன் பயன் கிடைத்துவிட்டது.